சமையல் மேடைக்குக் கல் எடுக்கும் முன்பு



சில மாதங்களாகக் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது கடன் விண்ணப்பங்களில் ஒரு புதிய காரணத்தை அதிகமாகப் பார்க்கிறேன். மாடு வாங்க, பிள்ளை படிப்புக்கு, நகை மீட்க என்று எழுதி வந்த இடத்தில் இப்போது "சமையல் ரூம் வேலை" என்று எழுதுகிறார்கள். ஒரு குழுவில் இதைத் தீர்மான நோட்டில் ஏற்றும்போது, "இது வருமானம் தராத செலவாச்சே, இதுக்குக் கடன் தரலாமா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்விதான். அங்கேயே வயதான ஒரு அம்மா பதில் சொன்னார்: "காலையில அஞ்சு மணிக்கு அந்த ரூமுக்குள்ள போறவ ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் வெளிய வர்றா. இடுப்பு போச்சுன்னா கூலிக்கு யாரு போறது?" குழு கடன் கொடுத்தது.

அந்த அம்மா சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்காகச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடம். இதில் துவைப்பது, பெருக்குவது எல்லாம் சேர்ந்திருக்கிறது என்றாலும், பெரும்பகுதி எங்கே போகிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கடன் கொடுத்த பிறகு நடப்பதைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது. மேஸ்திரி வருகிறார். வீட்டுக்காரரிடம் பேசுகிறார். இருவரும் கடைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு கல்லை எடுத்து வருகிறார்கள். பத்து நாளில் வேலை முடிகிறது. அதன் பிறகுதான் தெரிகிறது, மேடை உயரம் சரியில்லை, சிங்க்கில் தண்ணீர் தேங்குகிறது, கிரைண்டர் வைக்க இடமே இல்லை என்று. கல் பதித்த மேடையை இடித்து மாற்ற முடியாது. இருபது வருஷம் அதோடுதான் வாழ வேண்டும், அதுவும் கடன் தவணை கட்டிக்கொண்டே. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உயரம், பிறகுதான் கல்

"ஸ்டாண்டர்டு சைஸ் வச்சுடலாம்மா" என்று மேஸ்திரி சொல்வார். அவர் கையில் 33 அங்குலம், 34 அங்குலம் என்று ஒரு கணக்கு இருக்கும். அது தப்பான கணக்கு இல்லை. ஆனால் அது யாருடைய உயரத்துக்கு என்று கேளுங்கள். நாலு அடி பத்து அங்குலம் இருப்பவரும் ஐந்தரை அடி இருப்பவரும் ஒரே மேடையில் நின்று சப்பாத்தி தேய்க்க முடியாது.

அளவு எடுப்பது சுலபம். வீட்டில் எப்படி நிற்பீர்களோ அப்படி வெறுங்காலில் சுவரோரம் நிமிர்ந்து நில்லுங்கள். கையை முழங்கையில் மடக்கி, முன்கை தரைக்கு மட்டமாக இருக்கும்படி வையுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று மகளையோ மருமகளையோ டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கழித்தால் வருவதுதான் காய் நறுக்கவும் மாவு பிசையவும் உங்களுக்கு ஏற்ற மேடை உயரம். முழங்கை 37 அங்குலத்தில் இருந்தால் மேடை 31-லிருந்து 33-க்குள் வரும்.

அடுப்பு இருக்கும் பக்கம் கணக்கு வேறு. மேடை மேல் கேஸ் அடுப்பு, அதன் மேல் குக்கரோ பெரிய சட்டியோ ஏறுகிறது. சட்டியின் வாய் உங்கள் முழங்கைக்கு மேலே போய்விடும். பொங்கல் கிண்டும்போது தோளைத் தூக்கித் தூக்கிக் கிண்ட வேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும், கொதி முகத்தில் தெறிக்கும். அதனால் முடிந்தால் அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 3 அல்லது 4 அங்குலம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், படி வந்தால் வேலை கூடுதல், கல்லில் ஒரு இணைப்பும் கூடும். அந்த இணைப்பை ஒழுங்காக அடைக்கத் தெரிந்தவராக இருந்தால் தயங்க வேண்டாம். மேடை முழுவதும் ஒரே மட்டம்தான் என்று முடிவானால், கொஞ்சம் தாழ்ந்த அளவையே எடுங்கள்.

ஏன் தாழ்ந்த அளவு? தாழ்ந்த மேடையில் கனமான ஒரு பலகையைப் போட்டு நறுக்கும் இடத்தை உயர்த்திக்கொள்ளலாம். உயர்ந்த மேடைக்குக் காலடியில் மணை போட்டு நிற்பதை நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். சூடான சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மணையிலிருந்து இறங்குவது ஆபத்து. அதற்காக ரொம்பத் தாழ்த்திவிடவும் கூடாது, நாள் முழுக்கக் குனிந்தால் இடுப்பு சும்மா விடாது. மாமியார், மருமகள் இருவரும் சமைக்கும் வீட்டில் யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவர் அளவே வீட்டின் அளவு.

இன்னொரு விஷயத்தில் பலரும் ஏமாந்து போகிறார்கள். தரைக்கு டைல்ஸ் போடும் எண்ணம் இருந்தால், டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்துதான் உயரத்தைக் கணக்கிட வேண்டும். பழைய சிமெண்ட் தரை மேலேயே கலவை போட்டு டைல்ஸ் பதித்தால் தரை ஒன்றரை, இரண்டு அங்குலம் ஏறிவிடும். மேடை அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும்.

சந்தேகம் இருந்தால் கட்டுவதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள். மேசை மேல் செங்கல்லோ பலகையோ அடுக்கி நீங்கள் நினைத்த உயரத்துக்குக் கொண்டு வந்து, இரண்டு நாள் அதில் காய் நறுக்குங்கள். உடம்பே சொல்லிவிடும்.

அகலம் 2 அடி போதும். அதற்கு மேல் போனால் பின் சுவர் வரை கை எட்டாது, அங்கே எண்ணெய்ப் பிசுக்கு சேரும். மேடையின் அடியில், தரையோரம் 3 அங்குலம் உள்வாங்கிக் கட்டினால் கால் விரல் உள்ளே போகும், மேடையை ஒட்டி நிமிர்ந்து நிற்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஆனால் நாம் கேட்காமல் யாரும் செய்து தருவதில்லை.

எது எங்கே?

1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியபோது, மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் சமையலறைக்கென்றே தனியாக ஒரு வரைபடம் போட்டார். சமைக்கும் பெண் எத்தனை அடி நடக்கிறாள், எதை எடுக்க எங்கே போகிறாள் என்று பார்த்து, நடை குறையும்படி எல்லாவற்றையும் அமைத்தார். சின்ன அறைதான். ஆனால் அந்த மாதிரியில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சமையலறை அமைந்தது. அவர் செய்ததை நாமும் ஒரு பேப்பரில் செய்யலாம். ஒரு நாள் சமையல் முழுவதும் எங்கே எங்கே போய் வருகிறீர்கள் என்று கோடு போட்டுப் பாருங்கள். தண்ணீருக்கும் அடுப்புக்கும் நடுவில் கோடு எத்தனை முறை போகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

பொதுவாகத் தண்ணீர், அதற்கு அடுத்து நறுக்கும் இடம், அதற்கு அடுத்து அடுப்பு என்ற வரிசை நமக்கு ஒத்து வரும். கழுவி, நறுக்கி, அடுப்பில் போடுகிறோம். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் குறைந்தது 2 அடி விடுங்கள். ஒட்டி வைத்தால் பாத்திரம் கழுவும் தண்ணீர் காய்ந்த எண்ணெயில் தெறிக்கும்.

குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ஊர்கள் நம்மிடம் நிறைய. அங்கே மேடை மட்டும் கட்டினால் போதாது. குடம் வைக்க ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு திட்டு வேண்டும். நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றுவதில்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது. திட்டிலிருந்து எடுத்தால் பாதி வேலை குறையும். திட்டில் சிந்துகிற தண்ணீர் வெளியே போக ஒரு துளையும் விடச் சொல்லுங்கள்.

அருவாமனையில் உட்கார்ந்து நறுக்குகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மேடை வந்துவிட்டது என்று அவர்களை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். நாலடிக்கு மூன்றடி தரையைக் காலியாக விடுங்கள். அம்மியைத் தூக்கி வெளியே போடச் சொல்கிற மேஸ்திரிகள் உண்டு. அது உங்கள் இஷ்டம். நான் போடாதீர்கள் என்பேன்.

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு நம் வீடுகளுக்குள் கரண்ட் சாமான்கள் வந்துவிட்டன. ஆனால் பல சமையலறைகளில் இன்னும் ஒரே பிளக்தான். எக்ஸ்டென்ஷன் ஒயர் சிங்க்குக்கு மேலே தொங்குகிறது. மேடை வேலையோடு சேர்த்து, மேடை மட்டத்துக்கு ஓர் அடி மேலே, சிங்க்கிலிருந்து தள்ளி, எர்த்துடன் இரண்டு மூன்று-பின் பிளக் வைத்துவிடுங்கள். சுவரில் டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒயரிங் வேலை செய்தால் டைல்ஸை உடைக்க வேண்டும். கிரைண்டர் தினமும் தூக்கி வைக்கிற பொருள் இல்லை, அதற்கு நிரந்தரமாக ஒரு மூலை வேண்டும். மேடையைவிட அரை அடி தாழ்ந்த திட்டாக இருந்தால் மாவு தள்ளிவிட வசதி.

கேஸ் விஷயத்தில் மட்டும் "பரவாயில்லை" என்ற பேச்சே வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரைப் பள்ளத்திலோ, காற்றுப் போகாத அலமாரிக்குள்ளோ வைக்கக் கூடாது. மேடைக்கு அடியில் வைத்துக் கதவு போட்டால், கதவின் மேலும் கீழும் காற்று வழி விட வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரமான மட்டத்தில் இருக்க வேண்டும். டியூபை மேடைக் கல்லில் துளை போட்டு நுழைத்தால் துளையின் விளிம்பை மழமழவென்று தேய்க்கச் சொல்லுங்கள், கூர்மையாக இருந்தால் டியூபை அறுத்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள டியூபையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 1906, சுவரில் எழுதி வையுங்கள்.

ஜன்னல் நேராக அடுப்பின் முதுகில் வந்தால் காற்றில் தீ அணையும், திரைச்சீலையும் பற்றும். பக்கவாட்டில் வந்தால் நல்லது. வெந்நீருக்கு இன்னும் விறகு எரிக்கிறவர்கள் அந்த அடுப்பை வெளியே, கொட்டகையில் வையுங்கள். புது மேடை மேல் ஏற்ற வேண்டாம். புகையும் கெடுதல், அந்தச் சூட்டில் கல்லும் விரிசல் விடும்.

எந்தக் கல்?

இங்கேதான் எல்லோரும் முதலில் ஆரம்பிக்கிறார்கள். கடையில் நிறத்தைப் பார்த்து மயங்காமல் இருக்க, ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று தெரிந்தால் போதும்.

கடப்பா கல் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்திலிருந்து பேர் வாங்கியது. கறுப்பாக இருக்கும், விலை மலிவு, அலமாரித் தட்டுக்கும் மேடையின் அடித்தளத்துக்கும் இதைவிடச் சிக்கனமான கல் கிடையாது. ஆனால் இது சுண்ணாம்புக்கல் வகை. புளி, எலுமிச்சை, தக்காளி என்று நம் சமையலே புளிப்பில்தான் நடக்கிறது. புளிப்பு பட்ட இடத்தில் கடப்பாவின் பாலிஷ் அரித்து வெள்ளைத் திட்டாகும். திட்டு போகவில்லை என்று கழிப்பறைக்கு வாங்கிய ஆசிடை ஊற்றுகிறவர்கள் உண்டு, அது மேலும் அரிக்கும். அடுக்கடுக்காக உருவான கல் என்பதால் விளிம்பில் பொத்துப் பொத்தாகப் பெயர்வதும் உண்டு. கையில் பணம் குறைவு, இப்போதைக்கு ஒரு மேடை வேண்டும் என்றால் கடப்பா போடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. நறுக்கும் இடத்தில் பலகை வைத்துக்கொள்ளுங்கள், புளி கரைத்த பாத்திரத்தின் அடியைத் துடைத்து வையுங்கள்.

மார்பிளும் அதே குணம்தான், விலை மட்டும் அதிகம். மஞ்சள் தூளும் புளியும் புழங்குகிற மேடைக்கு வெள்ளை மார்பிள் என்று யாராவது சொன்னால் அவர் சமைத்ததே இல்லை என்று அர்த்தம்.

கிரானைட் நம் ஊர்க் கல். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாரடைசோ, மதுரைப் பக்கத்துக் காஷ்மீர் ஒயிட், விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பிளாக் எல்லாம் வெளிநாடு வரை போகின்றன. காஷ்மீர் என்று பேர் வைத்தாலும் கல் மேலூர்ப் பக்கத்துக் கல்தான். கிரானைட்டை எலுமிச்சையும் புளியும் ஒன்றும் செய்யாது. கத்தி கீறாது (கத்திதான் மழுங்கும்). சூடான சட்டியைச் சட்டென்று இறக்கி வைத்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் எல்லாக் கிரானைட்டும் ஒன்றல்ல. வெளிர் நிறக் கற்களில் சில எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். நெருக்கமான மணி உள்ள கறுப்பு, கரும்பச்சைக் கற்கள் அவ்வளவாக உறிஞ்சாது. கறுப்புக் கிரானைட் என்று விற்பதை நிலவியல் படித்தவர்கள் கிரானைட் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு வகைப் பாறை. நமக்கு அந்தச் சண்டை வேண்டாம், மேடைக்கு அது அருமையான கல்.

டைல்ஸ் போட்ட மேடை பார்க்க அழகு. ஆனால் இடுக்குகளில் அழுக்கும் கரப்பானும் சேரும், இரும்புக் குழவியோ கனமான பாத்திரமோ விழுந்தால் உடையும். டைல்ஸைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள், மேடையிலிருந்து 2 அடி உயரத்துக்கு ஒட்டினாலே தாளிக்கும் தெறிப்பெல்லாம் துடைத்துவிடலாம். சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் மேடையை இப்போது யாரும் சொல்வதில்லை. நன்றாகத் தேய்த்து மெழுகியிருந்தால் அதுவும் பல வருஷம் வரும், செலவு ஆகக் குறைவு.

இப்போது டவுனில் குவார்ட்ஸ் என்று ஒன்று விற்கிறார்கள். கல்லைத் தூளாக்கி, பிசின் சேர்த்து அச்சில் வார்ப்பது. கறை பிடிக்காது, ஒரே நிறமாக இருக்கும். ஆனால் பிசின் இருப்பதால் கொதிக்கும் சட்டியை நேராக வைத்தால் நிறம் மாறும். விலையும் அதிகம். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் தண்ணீர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் கொஞ்சம், வெள்ளைத் துணி ஒன்று. இவ்வளவும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கேட்டு வாங்கிய சின்னத் துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு மங்கினால் அது கடப்பா அல்லது மார்பிள் வகை. தண்ணீர் விட்ட இடம் சீக்கிரமே கருத்துப் போனால் கல் உறிஞ்சுகிறது, நாளைக்கு எண்ணெயையும் உறிஞ்சும். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் நடக்கிறது. நகப்பூச்சுத் திரவத்தைத் துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தால், துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயம். மெழுகாகவும் இருக்கலாம் என்பார்கள். எதுவாக இருந்தாலும் அந்தக் கல் வேண்டாம்.

கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் தெரியும். கனத்தையும் கேளுங்கள். 16 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல்லை மேடைக்கு எடுக்க வேண்டாம்.

அடுத்தது அளவுக் கணக்கு. இதில்தான் பணம் போகிறது. ஒரு பக்கச் சுவர் 8 அடி, இன்னொரு பக்கம் 5 அடி, மேடை அகலம் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். பலர் 8-ஐயும் 5-ஐயும் கூட்டி 13, இரண்டால் பெருக்கி 26 சதுர அடி என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி இல்லை. மூலையை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். 8 பெருக்கல் 2 என்றால் 16. அடுத்த பக்கத்தில் மூலை போக மீதி 3 அடிதான், அது 6 சதுர அடி. ஆக மொத்தம் 22. நாலு சதுர அடிக்குப் பணம் மிச்சம்.

விலை பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பலகைக் கல்லின் முழு அளவுக்குக் காசா, வெட்டி எடுத்த அளவுக்குக் காசா? விளிம்பு உருட்டிப் பாலிஷ் போடவும், சிங்க்குக்கும் டியூபுக்கும் வெட்டவும் தனிக் கூலியா? விளிம்பு வேலையை ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்பார்கள், நம் கணக்கில் முன் விளிம்பு 6-ம் 3-ம் சேர்த்து 9 அடி. வண்டி வாடகையும் இறக்கு கூலியும் யாருடையது? வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

தூசி

கல்லை வீட்டு வாசலில் வைத்து மெஷினால் அறுப்பார்கள். வெள்ளைப் புகை மாதிரி தூசி கிளம்பும். அதில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும், அதைக் குணமாக்க மருந்து இல்லை. கல் குவாரி வேலைக்குப் போன நம் ஊர் ஆண்கள் பலரின் இருமல் நமக்குத் தெரியும். கிரானைட்டில் சிலிக்கா உண்டு. மேலே சொன்ன குவார்ட்ஸ் கல்லில் மிக மிக அதிகம், பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல். அதை அறுத்த தொழிலாளிகள் இளம் வயதிலேயே நோயாளி ஆனதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லுக்கே தடை போட்டுவிட்டது.

நம் வீட்டில் ஒரு நாள் அறுப்பதால் நமக்கு அந்த நோய் வந்துவிடாது. தினமும் அதையே செய்கிற அந்தப் பையனுக்கு வரும். கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கினால் வீட்டில் அறுப்பது குறையும். மீதியைத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். பிறகு கூட்டுவது சித்தாள் பெண்தான், இல்லையென்றால் நாம்தான். காய்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் தண்ணீர் தெளித்து வழித்து எடுக்க வேண்டும்.

கடன் எவ்வளவு?

கல் விலையை மட்டும் எழுதிக்கொண்டு கடன் கேட்கிறார்கள். பழைய மேடையை இடித்து அள்ள, செங்கல், மணல், சிமெண்ட், அடித்தளக் கல், சிங்க், குழாய், பைப், சுவர் டைல்ஸ், எலக்ட்ரீஷியன், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி என்று வரிசையாக எழுதினால் கல் என்பது ஒரு பங்குதான் என்று தெரியும். எல்லாம் போட்ட பிறகு பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு வையுங்கள். பழைய சுவரை இடித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு பேச்சுக்கு 15,000 ரூபாய் குழுவில் வாங்குகிறீர்கள், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல் கட்டுகிறீர்கள். நிலுவைக்கு மட்டும் வட்டி என்றால் முதல் மாதம் 150, அடுத்து 140, இப்படிக் குறைந்து 15 மாதத்தில் மொத்த வட்டி 1,200. அதே 15,000-க்கு மாதம் 150 என்று கடைசி வரை மாறாமல் கேட்பவரிடம் வாங்கினால் 2,250. இரண்டு இடத்திலும் "ஒரு ரூபாய் வட்டி" என்றுதான் சொல்வார்கள். தவணைக்குக் கல்லும் சிங்க்கும் தருகிற கடைகளில் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மொத்த ஒப்பந்தமாக விட்டால் கூலியை மூன்று பங்காகக் கொடுங்கள்: தொடங்கும்போது ஒன்று, கல் பதித்தவுடன் ஒன்று, சிங்க்கில் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு கடைசி. பதித்தவுடன் மேடை மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அது சிங்க் பக்கம் ஓட வேண்டும், சுவர்ப் பக்கம் தேங்கினால் அப்போதே திருத்தச் சொல்ல வேண்டும். கல்லுக்கு அடியில் இரண்டரை, மூன்று அடிக்கு ஒரு தாங்கு சுவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்க்குக்கு வெட்டிய இடத்தின் முன்பக்கக் குறுகிய பட்டைதான் முதலில் உடையும், அங்கே கண்டிப்பாக அடித்தாங்கல் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மேடை கட்டக் கடன் வாங்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு ஒரு இரும்பு மேசை செய்து மேலே கல் பலகை வைத்தால் போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போகலாம். பிரதமர் வீடு வழங்கும் திட்டத்தில் ஊரகப் பகுதியில் கட்டுபவர்கள், குறைந்தபட்ச அளவான 25 சதுர மீட்டருக்குள் சுகாதாரமாகச் சமைக்கும் இடமும் அடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். வரைபடம் போடும்போதே அந்த இடத்தைக் கேட்டு வாங்க வேண்டும், பிறகு கூரை போட்டுக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

வேலை நடக்கும் நாட்களில் சமையலுக்கு மாற்று இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்க வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டு வேலை குறைவாக இருப்பதால் நல்ல கொத்தனார் சுலபமாகக் கிடைப்பார், பழைய அறையில் செய்யும் வேலைக்கு மாதம் பார்க்கத் தேவையில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் சரி. சிமெண்ட் வேலைக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும், அதற்கு முன் கிரைண்டரைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சமையல் ரூம் கடன் கேட்க வருகிறவர்கள் முழங்கை உயரத்தையும் அறையின் நீள அகலத்தையும் ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டு வாருங்கள். டேப் இல்லாதவர்களுக்காக ஒரு டேப் ஊக்குநரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.